அழிப்பதற்கு ஐந்து சாட்சிகள்

அஸீபா கடன்காரியானது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அதுவரைக்கும் அவளுக்கே அந்த விசயம் தெரியாது.

மன்னார்த் தாராபுரத்தில், பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள இரண்டாவது ஒழுங்கையில், தையல் மெசினுக்கு முன்னால் இருந்து ஒரு அபாயாவுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஐந்து கிழமை. முப்பத்தெட்டுப் பேர் துணி கொடுத்திருந்தார்கள். அந்த முப்பத்தெட்டையும் தைத்து முடித்தால் குசினிக் கூரைக்குப் புதுத் தகரம் போடலாம் என்பது அவளுடைய அந்த வருடத்துத் திட்டம். அப்போதுதான் போன் அடித்தது. கொழும்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை, சீனிப் பாணிக்குள் முக்கி எடுத்த குரலில் பேசினாள்.

"வணக்கம், தையல் அவர்களுடனா பேசுகிறேன்?"

"ஓம் பிள்ளை, தையல்தான். அபாயாவோ, சல்வாரோ?"

"பவளத்தீபம் நிதி நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் தங்கை டினோஜா பெற்ற கடனில் மூன்று தவணைகள் நிலுவையில் உள்ளன. மூத்த சகோதரி என்ற முறையில் நீங்கள்…"

"எனக்குத் தங்கச்சி இல்லை பிள்ளை. நாலு தம்பிமார்தான்."

"மிக்க நன்றி. அந்த நான்கு பேரின் தொலைபேசி இலக்கங்களையும் தர முடியுமா?"

யாரோ பிழையான இலக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அஸீபா போனை வைத்தாள். இரண்டு மணித்தியாலத்தில் படலைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டிய ஒரு இளைஞன் இறங்கினான். பெயர் றொசாந்தன். அவனுடைய அட்டையில் 'மீட்பு ஒத்துழைப்பு அலுவலர்' என்று இருந்தது. கடன் அறவிட வருகிறவர்களை அந்த நிறுவனத்தில் அப்படித்தான் அழைத்தார்கள்.

அந்த நேரம் அளவு கொடுக்க வந்த மூன்று பெண்கள் வாசலில் இருந்தார்கள். றொசாந்தன் தயங்கினான்.

"அம்மா, இது தனியாக் கதைக்கவேண்டிய விசயம். தனிநபர் தகவல். சட்டம் இருக்கு," என்று அஸீபாவிடம் மெதுவாகச் சொன்னான். பிறகு அந்த மூன்று பெண்களின் பக்கம் திரும்பி, ஒழுங்கை முனைவரைக்கும் கேட்கும்படியாக, "இவ கட்டாமல் விட்ட கடனைப் பற்றிக் கதைக்கப்போறம். தயவுசெய்து கொஞ்சம் வெளிய நில்லுங்கோ!" என்றான்.

விசயம் இதுதான். பேசாலையில் இருக்கும் டினோஜா என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்குப் போன வருடம் கோயில் திருநாளுக்கு அஸீபா ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். டினோஜா தன்னுடைய போனில் அவளுடைய இலக்கத்தைத் 'தையல் ராத்தா' என்று பதிந்து வைத்திருந்தாள். பிறகு அவள் பவளத்தீபத்தில் கடன் எடுத்தபோது, நிறுவனத்தின் செயலி அவளுடைய போனில் இருந்த பெயர்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. முஸ்லிம்கள் மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள் என்பதைக் கொழும்பில் உள்ள தலைமைக் கந்தோர் ஆராய்ந்து கண்டுபிடித்தது. அதற்கு மேல் ஆராயவில்லை. றொசாந்தன் நீட்டிய திரையில், பெயர்: தையல், உறவு: மூத்த சகோதரி என்று பளிச்சென்று இருந்தது.

"அவ வேதக்காரி, நான் முஸ்லிம். எப்பிடித் தம்பி ஒரு வயித்தில பிறக்கிறது?"

"அது உங்கட குடும்ப விசயம் அம்மா. அதுக்குள்ள நாங்கள் தலையிடமாட்டம். எங்கட கொள்கை அப்பிடி."

"சரி, கடன் எவ்வளவு?"

"சொல்ல ஏலாது. அது டினோஜாவின்ர தனிப்பட்ட தகவல்." றொசாந்தன் பணிவாகச் சிரித்தான். "ஆனா நீங்கள் கட்டலாம்."

பின்னேரம் கணவன் றஊப் வந்தான். ஐஸ் லொறி ஓட்டுகிறவன். ஒழுங்கைக்குள் நுழைவதற்கு முன்னமே ஊர் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லி அனுப்பியிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவியபின், அவன் தணிந்த குரலில் கேட்டான்.

"உண்மையைச் சொல்லு. எவ்வளவு எடுத்தாய்?"

அஸீபா சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். இரண்டு நாளைக்கு அவனோடு கதைக்கவில்லை. கொழும்புப் பிள்ளையும் டை கட்டிய பொடியனும் சொன்னது அவளுக்குச் சுடவில்லை. இருபத்திரண்டு வருடம் கூட இருந்த மனுசன் 'எடுத்தியா' என்று கேட்காமல் 'எவ்வளவு' என்று கேட்டது சுட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆண்கள் வெளியே வந்த நேரத்தில், ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஊருக்குள் வந்தது.

"தாராபுரம் வாழ் மக்களுக்கு ஓர் அறிவித்தல்! பவளத்தீபம் நிதி நிறுவனம் தனிநபர் தரவுகளை உயிரினும் மேலாக மதிக்கின்றது. ஆகவே நாம் எவருடைய பெயரையும் குறிப்பிடமாட்டோம். பள்ளிக்குப் பின்னால், இரண்டாவது ஒழுங்கையில், பச்சைப் படலை போட்ட வீட்டில், தையல் மெசின் வைத்திருக்கும், ஐஸ் லொறிச் சாரதியின் மனைவியான அந்தப் பெயர் குறிப்பிடப்படாத பெண்மணி, உடனடியாக எமது மன்னார்க் கிளையுடன் தொடர்புகொள்ளவும்!"

ஓட்டோ மூன்று சுற்றுச் சுற்றியது. பெயர் சொல்லவில்லை. சொன்ன வாக்கைக் கடைசிவரைக்கும் காப்பாற்றியது.

மறுநாளிலிருந்து துணி கொடுத்தவர்கள் துணியைத் திருப்பி எடுக்க வந்தார்கள். ஒருத்தியின் மகள் திடீரென்று மெலிந்துவிட்டாளாம். ஒருத்திக்குக் கட்டாரிலிருந்து தைத்த உடுப்பே வருகிறதாம். கடன்காரர் வந்து மெசினோடு சேர்த்துத் தங்கள் துணியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்ததை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞாயிறு முடிவதற்குள் முப்பத்தெட்டில் பத்தொன்பது போய்விட்டது. அஸீபா ஒவ்வொரு துணியையும் மடித்து, எடுத்த அளவுத் துண்டைக் கிழித்து, சிரித்த முகத்தோடு கொடுத்தனுப்பினாள். பிறகு குசினிக்குள் போய் ஓட்டைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துணியைத் திருப்பிக் கேட்காதவர்களில் ஸில்மியா ரீச்சர் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பிக்கிறவள்.

"ராத்தா, இப்ப இதுக்கெண்டு சட்டம் வந்திருக்கு. உங்களைப் பற்றி என்ன வைச்சிருக்கிறாங்க எண்டு நீங்க கேக்கலாம். பிழையைத் திருத்தச் சொல்லலாம். அழிக்கச் சொல்லலாம். அது உங்கட உரிமை," என்று சொல்லி, நல்ல தமிழில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள்.

அஸீபா கடிதத்தோடு மன்னார் ரவுணுக்கு பஸ் ஏறினாள். பவளத்தீபம் கிளைக்குள் மீன் வைக்கலாம் போலக் குளிர்ந்தது. ஒரு மூலையில் 'உங்கள் தரவு, உங்கள் உரிமை' என்ற பலகையோடு ஒரு கருமபீடம். திறப்புவிழா நாடா இன்னும் வெட்டிய இடத்தில் தொங்கியது. அங்கே இருந்த தனஞ்சயன் என்ற அதிகாரி அவளைக் கண்டதும் எழும்பியே விட்டார்.

"அம்மா! இந்தக் கருமபீடத்துக்கு வந்த முதல் ஆள் நீங்கள்தான்!"

உடனே அவளைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்தார். அந்தப் படம், 'தன் தரவை அழிக்க வந்திருக்கும் எமது அன்புக்குரிய வாடிக்கையாளர் திருமதி அஸீபா, தாராபுரம்' என்ற வாசகத்தோடு நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் ஏறியது. பத்து நிமிடத்தில் நாற்பத்தாறு பேர் விரும்பியிருந்தார்கள்.

"சேர், அந்தப் பேரையும் நம்பரையும் எடுத்துவிட்டால் காணும்," என்றாள் அஸீபா.

"எடுப்பம். ஆனா அழிக்கிறதெண்டால் முதலில நீங்கள்தான் நீங்கள் எண்டு நிரூபிக்கவேணும்."

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, லைட் பில், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வீட்டின் முன்பக்கப் படம், பின்பக்கப் படம், பத்து விரல் அடையாளம். டினோஜாவுக்கு அவள் அக்கா இல்லை என்பதற்கு கிராம அலுவலரின் கடிதமும் கேட்டார்கள். கிராம அலுவலர் நல்ல மனுசன். ஒருவர் பிறந்ததற்குப் பதிவு இருக்கிறது, கூடப் பிறக்காததற்குப் பதிவை எங்கே தேடுவது என்று தலையைச் சொறிந்துவிட்டு, 'எனது பிரிவில் இவருக்குத் தங்கை இருப்பதாக நான் காணவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். இதற்காக அஸீபா நான்கு தடவை பஸ் ஏறினாள். முதல் தடவை அவள் உள்ளே போனபோது பவளத்தீபத்திடம் அவளைப் பற்றி ஒரு செல்லப் பெயரும் ஒரு போன் இலக்கமும்தான் இருந்தன. நாலாம் தடவை வெளியே வந்தபோது அவளுடைய இரத்த வகையும் இருந்தது.

"இவ்வளவையும் ஏன் சேர் கேக்குறீங்க? அழிக்கத்தானே போறீங்க?"

தனஞ்சயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரலில் பெருமை ஏறியது.

"அம்மா, மற்றக் கம்பனிகள் மாதிரி இல்லை நாங்கள். இருக்கிற ரெண்டு விசயத்தை மட்டும் அழிச்சுப்போட்டு விடுறது அரைகுறை வேலை. ஒரு ஆளின்ர தரவை அழிக்கிறதெண்டால், முழுசாச் சேர்த்துப்போட்டுத்தான் நாங்கள் அழிப்பம். அதுதான் அந்த ஆளுக்கு நாங்கள் குடுக்கிற மரியாதை."

கடைசியாக ஐந்து சாட்சியாளர்களின் பெயரும் இலக்கமும் உறவும் வேண்டும் என்றார். அஸீபா ஸில்மியா ரீச்சரையும், றஊப்பையும், றஊப்பின் லொறி முதலாளி சனூன் ஹாஜியாரையும், ஒழுங்கையில் இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலை ஐந்து பேருக்கும் கோல் வந்தது. றஊப்புக்கு வந்தபோது அவன் பேசாலைக் கரையில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தான்.

"அஸீபா என்பவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று பாணிக் குரல் கேட்டது.

"இருபத்திரண்டு வருசமாத் தெரியும்."

"அவர் எமக்குக் கடன் நிலுவை வைத்துள்ளார். அவரைத் தொடர்புகொள்ள முடியாதவிடத்து, அவருடைய கணவரை எமது சார்பில் நீங்கள் கண்டிக்க முடியுமா?"

றஊப் போனை வைத்தான். பிறகு லொறியைத் திருப்பிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தான்.

"பிழை என்னில," என்றான் வாசலில் நின்றபடி. "இவங்களுக்குப் புருசன் ஆர், பெண்சாதி ஆர் எண்டே தெரியேல்லை. கடன்காரி ஆரெண்டு எப்பிடித் தெரியும்? வா, பேசாலைக்குப் போவம். அந்தப் பிள்ளையக் கேப்பம்."

ஐஸ் லொறியின் முன் இருக்கையில் இருந்து பேசாலைக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அஸீபா வெளியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் அவன் நீட்டிய தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடித்தாள்.

டினோஜா முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அஸீபாவைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ ராத்தா, அந்தக் கடனை நான் தை மாதமே முழுக்கக் கட்டி முடிச்சிட்டன்!" உள்ளே போய்ப் பற்றுச்சீட்டை எடுத்து வந்து காட்டினாள். 'முழுமையாகத் தீர்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தியிருந்தது. "ஆனா எனக்கும் நாளுக்கு மூண்டு கோல் வருது. உங்கட அக்கா தையல் காசு கட்டேல்லையாம் எண்டு. எனக்கு அக்காவே இல்லை. அந்தப் பிள்ளை அடிச்சுச் சொல்லுது, கம்பியூட்டரில இருக்கெண்டு. கடைசியில எனக்கே சந்தேகம் வந்து அம்மாட்டப் போய்க் கேட்டனான். அம்மா ஒரு கிழமையா என்னோட கதைக்கேல்லை."

அடுத்த நாள் அஸீபாவும் டினோஜாவும் ஒன்றாகக் கிளைக்குப் போனார்கள். இந்த முறை முகாமையாளர் பரமநாதன் தன்னுடைய அறைக்குள்ளேயே கூப்பிட்டார். பற்றுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டினோஜா அவர்களே, உங்கட கடன் முடிஞ்சுது. வாழ்த்துகள். ஆனா கடனை மூடேக்க அக்காவின்ர பக்கம் மூடுபடேல்லை. ஒரு பக்கம் மூடினால் தவணை மற்றப் பக்கத்துக்குப் போகும். அது தண்ணி மாதிரி."

"எந்தக் கடன்ர தவணை சேர்?" என்றாள் அஸீபா. "அதுதான் முடிஞ்சிட்டுதே?"

முகாமையாளர் கையை உயர்த்தினார். "அம்மா, மன்னிக்கவேணும். இது டினோஜாவின்ர கடன். மூண்டாம் ஆளுக்கு முன்னால நான் அதைக் கதைக்க ஏலாது."

"மூண்டாம் ஆள் ஆர்?"

"நீங்கள்தான்."

"நீங்கதானே சேர் என்னை அக்கா எண்டீங்க?"

"கடனுக்கு நீங்கள் அக்கா. தகவலுக்கு நீங்கள் மூண்டாம் ஆள்." பரமநாதன் கதிரையில் சாய்ந்தார். "எங்கட நிறுவனத்தின்ர அடித்தளமே இந்த ரெண்டும்தான். அறவிடேக்க எல்லாரும் ஒரு குடும்பம். கேள்வி கேக்கேக்க ஒவ்வொருத்தரும் தனிநபர். இதைப் பிரிச்சுப் பாக்கத் தெரியாததாலதான் கனபேர் எங்களைப் பிழையா விளங்குகினம்."

டினோஜா தலையில் கையை வைத்துக்கொண்டாள். அஸீபா எழும்பி மறுபடியும் தனஞ்சயனின் கருமபீடத்துக்குப் போனாள். அங்கே இன்னொரு செய்தி காத்திருந்தது. அவளுடைய ஐந்து சாட்சியாளர்களும் கோல் வந்த கோபத்தில் நிறுவனத்துக்கு எதிராக முறைப்பாடு செய்திருந்தார்கள். முறைப்பாடு செய்தவர்கள் சாட்சியாக இருக்க முடியாது. புதிதாக ஐந்து பேர் வேண்டும்.

அஸீபா படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தாள். ஊரில் இனி எந்த முகத்தோடு யாருடைய பெயரை எழுதுவது?

"ஆரெண்டாலும் சரியோ சேர்?"

தனஞ்சயன் விதியை வாசித்தார். "பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, தொலைபேசி வைத்திருக்கும், விண்ணப்பதாரியை நன்கறிந்த எவரும்."

"உங்களுக்கு என்னைத் தெரியும்தானே?"

"தெரியாமலோ! உங்கட பிறப்புச் சான்றிதழ் இலக்கமே எனக்குப் பாடம் அம்மா."

அஸீபா நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச் சுவரில் 'எமது சேவையில் குறையா? தயங்காமல் அழையுங்கள்' என்று எழுதி, கிளையில் வேலை செய்கிறவர்களின் படங்களும் இலக்கங்களும் வரிசையாக ஒட்டியிருந்தன. அவள் பேனையை எடுத்து ஆறுதலாக எழுதினாள். பரமநாதன். தனஞ்சயன். றொசாந்தன். வாசல் காவலாளி. காசாளர். உறவு என்ற இடத்தில், தான் அவர்களைக் கூப்பிட்டால் எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே எழுதினாள். முகாமையாளருக்கு நானா, மற்ற எல்லோருக்கும் தம்பி.

தனஞ்சயன் படிவத்தின் எல்லாப் பெட்டிகளும் நிரம்பியிருக்கின்றனவா என்று எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. முத்திரை குத்தித் தலைமைக் கந்தோருக்கு அனுப்பினார். பெயர்களை வாசிப்பது அவருடைய வேலை இல்லை.

நானா என்றால் மூத்த சகோதரன், தம்பி என்றால் இளைய சகோதரன் என்று தலைமைக் கந்தோர் உடனே கண்டுபிடித்தது.

திங்கட்கிழமை காலை றொசாந்தனின் திரையில் அன்றைக்குப் போகவேண்டிய வீடுகளின் பட்டியல் வந்தது. முதலாவது அவனுடைய வீடு. போகாமல் விட வழியில்லை. அவன் நிற்கும் இடத்தை அந்தத் திரையே நிறுவனத்துக்குக் காட்டிக்கொடுக்கும். போய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டினான். மனைவி திறந்து, என்ன மறந்துபோனீங்கள் என்று கேட்டாள். அவன் வாசலில் நின்றே அறிக்கை எழுதினான்: 'நபர் வேலைக்குச் சென்றுவிட்டதாகக் குடும்பத்தார் தெரிவிக்கின்றனர். தவிர்த்து வருவதாகச் சந்தேகம்.' அந்த அறிக்கையின் பேரில் மத்தியானம் அவனுடைய மாமனாருக்குக் கோல் போனது.

முகாமையாளரின் மாமியார் வவுனியாவில் இருந்தார். மருமகன் தாராபுரத்தில் ஒரு தங்கச்சியை மறைத்து வைத்திருக்கிறார், அவளுடைய கடனையும் கட்டவில்லை என்று பாணிக் குரல் அவருக்கு அறிவித்தது. பரமநாதன் தலைமைக் கந்தோருக்குக் கோல் எடுத்தார்.

"அருகிலுள்ள கிளைக்குச் செல்லுங்கள் ஐயா," என்றது குரல்.

"பிள்ளை, நான் கிளைக்குள்ளதான் இருக்கிறன். நான்தான் கிளை!"

"மிக்க நன்றி. அங்கே தரவு உரிமைக் கருமபீடம் உள்ளது."

பரமநாதன் அறையை விட்டு வெளியே வந்து, இலக்கத் துண்டு எடுத்து, கருமபீடத்துக்கு முன்னால் கதிரையில் இருந்தார். அவருக்கு முன்னால் பதினாறு பேர் இருந்தார்கள். அஸீபாவின் முதல் ஐந்து சாட்சிகளும் தங்கள் பெயரை அழிக்க வந்து, ஆளுக்கு ஐந்து பேரை எழுதிக் கொடுத்து, அந்த ஐந்தைந்து பேரும் வரத் தொடங்கியிருந்தார்கள். அவருடைய முறை வந்ததும் தனஞ்சயன் எழும்பி நின்றபடியே படிவத்தை நீட்டினார். "சேர், சொல்லக் கூச்சமா இருக்கு. அஞ்சு சாட்சி."

மூன்று நாள் கழித்துத் தலைமைக் கந்தோர் ஒரு முடிவுக்கு வந்தது. அந்தப் படிவத்தோடு சம்பந்தப்பட்ட அத்தனை கோவைகளையும் ஒரேயடியாக அழிப்பது. ஆனால் சேவையில் இருக்கும் ஊழியர்களின் தரவை அழிக்க நிறுவன விதியில் இடமில்லை. அழித்தால் சம்பளம் போட ஆள் இருக்காது. ஆகவே தையல் ராத்தா மட்டும் அழிந்தாள். அவளுடைய ஐந்து சகோதரர்களும் இருந்தார்கள். தவணை அவர்கள் பக்கம் போனது.

அஸீபாவுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. 'கீழ்க்காணும் தரவுகள் நிரந்தரமாக அழிக்கப்பட்டன' என்று தொடங்கி, அவளுடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, தாய் தகப்பன் பெயர், இரத்த வகை, வீட்டின் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டரைப் பக்கத்துக்கு விபரமாக எழுதியிருந்தது.

அதற்குள் தாராபுரத்தில் கோல் வராத வீடு இல்லை என்று ஆகிவிட்டது. மெலிந்த மகள் பழையபடி உடம்பு வைத்தாள். கட்டார் உடுப்பு வந்து சேரவில்லை. போன பத்தொன்பது துணியும் திரும்பி வந்தது. கூடவே டினோஜா தனக்கும் தாய்க்குமாக இரண்டு துணி கொண்டுவந்து கொடுத்தாள். பின்னேரங்களில் றஊப் பக்கத்தில் இருந்து, கேட்காமலே பொத்தான் தைத்துக் கொடுத்தான். அரைவாசியை அவள் பிரித்துத் திருப்பித் தைத்தாள்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னர் றொசாந்தன் வந்தான். மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். டை இல்லை. வாசலில் ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் பேசினான்.

"ராத்தா, தலைமைக் கந்தோர் எனக்கும் அந்தத் தம்பிப் பதிவை மட்டும் அழிக்கிற படிவம் தரச் சம்மதிச்சிட்டுது. அஞ்சு சாட்சி வேணும். நாலு பேரைப் பிடிச்சிட்டன். எனக்குத் தெரிஞ்ச மற்றவை எல்லாரும் நான் காசு கேட்டுப் போன ஆக்கள்தான். அவையில ஒருத்தரும் கையெழுத்து வைக்கினமில்லை. நீங்கள் ஒரு கையெழுத்து…"

அஸீபா அவனைக் கதிரையில் இருக்கச் சொல்லி, பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அவனுடைய முகம் நன்றாகக் கறுத்துப் போயிருந்தது. பாவம் என்றுதான் பட்டது.

"வைக்கலாம் தம்பி. ஆனா நான் இப்ப உங்கட கம்பியூட்டரில இல்லை. இல்லாத ஆள் எப்பிடிச் சாட்சி சொல்லுறது?"

அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்துக் காட்டினாள். றொசாந்தன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். முத்திரையைத் தடவிப் பார்த்தான். இரண்டரைப் பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் வாசித்தான், விசா கிடைத்த ஒருவனின் பாஸ்போட்டைக் கிடைக்காதவன் பார்ப்பது போல.

"வடிவாத்தான் அழிச்சிருக்கினம்," என்று பெருமூச்சு விட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "ராத்தா, ஒரேயொரு படம் எடுக்கட்டோ? என்ர கடிதத்தை இப்பிடித்தான் எழுதவேணும் எண்டு அவைக்குக் காட்டலாம்."

அஸீபா கடிதத்தை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடித்தாள்.

"அது சரிவராது தம்பி," என்றாள். "அதில என்ர சொந்த விபரம் இருக்கு."